மூச்சையாவின் நாடி

புன்னைத்துறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் ஐஸ் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த ஓட்டுக் கட்டடத்தில், நெஞ்சை அமுக்கிப் பழகுவதற்காக வந்திறங்கிய பயிற்சிப் பொம்மைக்கு உயிர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மீன்காரப் பெண்களுக்கான வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, கரண்டு போன நேரத்தில்.

அது முழு ஆள் பொம்மைகூட இல்லை. தலை, கழுத்து, நெஞ்சு, வயிறு, அத்தோடு சரி. கையும் கிடையாது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் கிடையாது. ரப்பர் தோலுக்கு அடியில் சென்சார்கள் பதித்திருந்தார்கள். சரியான இடத்தில், சரியான ஆழத்துக்கு, சரியான வேகத்தில் அமுக்கினால் தோளில் பச்சை விளக்கு எரியும், பிசகினால் சிவப்பு எரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊதினால் நெஞ்சு உயரும். ஆள் பிழைத்துவிட்டதாகக் காட்ட வேண்டுமென்றால் கையில் உள்ள டேப்லெட்டில் ஓர் இடத்தைத் தொட வேண்டும், கழுத்துக்குள் ஒரு சின்ன மோட்டார் நாடி மாதிரி துடிக்கும். இதையெல்லாம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை மெற்றில்டாவுக்கு.

மெற்றில்டா அந்த ஊர் மருமகள், நர்ஸ். அவள் புருஷன் சிலுவை, கரைக்கு வந்த வள்ளத்தை மற்றவர்களோடு சேர்ந்து மணலில் தள்ளி ஏற்றிக்கொண்டிருந்தபோது, சிரித்துப் பேசிக்கொண்டே மடங்கி விழுந்தவன். ஊரே அவனைச் சுற்றி நின்றது. துண்டால் விசிறினார்கள், சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார்கள், ஒருத்தி ஜெபமாலையை நெற்றியில் வைத்தாள், அவன் தம்பி இஞ்ஞாசி உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். இதய வார்டில் தினமும் பத்துப் பேர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்த மெற்றில்டா அப்போது டவுன் ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தாள். சிலுவை பிழைக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் மாற்றல் கேட்டுப் புன்னைத்துறைக்கே வந்தாள். இந்தக் கரையில் விழுகிறவன் யாராயிருந்தாலும், அவன் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பொம்மையின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தது சந்தனமேரி. தலைச்சுமை மீன் விற்கிறவள், கழுத்தும் தோளும் தூண் மாதிரி.

"முழங்கை மடங்கப்படாது எக்கா. உடம்பு பாரத்த அப்படியே இறக்குங்க. இது மாவு பிசையிற வேலையில்ல."

"இறக்கிட்டுதானட்டி இருக்கேன். பச்சை எரியுதுல்லா?"

பச்சைதான் எரிந்தது. அப்போது கரண்டு போனது. மின்விசிறி நின்றது, டேப்லெட்டுக்குப் பொம்மையோடு தொடர்பு அறுந்தது, தோள் விளக்கு அணைந்தது. பொம்மையின் பேட்டரி சார்ஜ் ஏற்றுவதற்காக அலமாரி மேல் கிடந்தது. "சரி எக்கா, எடுங்க கைய," என்றாள் மெற்றில்டா. சந்தனமேரி கையை எடுத்தாள். நெஞ்சு தானாக உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடியும் உயர்ந்தது.

சந்தனமேரி குனிந்து அதன் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தாள். "மெற்றில்டா, இவரு மூச்சு விடுதாரு," என்றாள், வாசலில் பால்காரன் வந்திருக்கிறான் என்று சொல்கிற மாதிரி.

மெற்றில்டா மண்டியிட்டுக் கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள். நாடி இருந்தது. மோட்டார் துடிப்பது மாதிரி ஒரே சீராக அல்ல. ஆள் மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் விரைந்து, விடும்போது கொஞ்சம் தணிந்து, மனுஷ நாடி எப்படி இருக்குமோ அப்படி. ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு திரும்பியவரை என்ன செய்ய வேண்டும் என்பது அவள் வகுப்பிலேயே நாலாவது பாடம் என்பதால் அவள் அதைச் செய்தாள்: ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முட்டுக் கொடுக்கக் கை இல்லாததால் அவர் மல்லாந்து உருண்டார். சந்தனமேரி தன் கூடைக்குள் இருந்த சும்மாட்டை எடுத்து முதுகுக்கு அண்டக் கொடுத்தாள். அன்றைக்கு ஊரில் மீன் கொஞ்சம் தாமதமாக விற்றது.

சுகாதார நிலையத்து டாக்டர் பிரபாவதி ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு காதிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் கேட்டார். "இதயச் சத்தம் நார்மல். மூச்சும் நார்மல். நினைவு இல்லை. மற்றபடி சொல்வதற்கு ஒன்றும் இல்லை," என்றார். நினைவில்லாமல் மூச்சுவிடுகிற ஒருத்தரைத் தரையில் பாயில் போட்டு வைக்க முடியாது என்பதால், ஆண்கள் பகுதியில் ஜன்னலோரக் கட்டிலில் சேர்த்துக்கொண்டார்கள். டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை, கை இருந்தால்தானே கிடைக்கும். மூச்சு விடுகிறவர் என்று ஊர் அவருக்கு மூச்சையா என்று பேர் வைத்தது; சீட்டுப் போடுகிற பெண் அதை முத்தையா என்று காதில் வாங்கி அப்படியே பதிந்துவிட்டாள். ஆனபடியால் ஆஸ்பத்திரிக்கு முத்தையா, ஊருக்கு மூச்சையா என்று அவருக்கு முதல் வாரத்திலேயே, ஊரில் எல்லாரையும் போல, ஞானஸ்நானப் பேர் ஒன்றும் கூப்பிடுகிற பேர் ஒன்றுமாக அமைந்துபோயிற்று.

ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். அவர் வந்து கட்டிலருகே நின்று பார்த்துவிட்டு, "பார்த்தால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஆளாகத் தெரிகிறார். அந்த வயதுக்காரரை அவர் சம்மதம் கேட்காமல் எந்த மதத்திலும் சேர்க்கக் கூடாது. கண் திறக்கட்டும்," என்றார். ஐஸ் பேக்டரி எலக்ட்ரீஷியன் காதர் மீரான் டெஸ்டரோடு வந்து தலை முதல் வயிறு வரை தொட்டுப் பார்த்து, எந்தக் கரண்டும் இல்லை, எந்தப் பேட்டரியும் இல்லை, இது அல்லா போட்ட கனெக்‌ஷன் என்று சொல்லிவிட்டுப் போனார். வெறும் உடம்போடு ஆண்பிள்ளை கிடப்பது முறையில்லை என்று வலை முடைகிற பெண்கள் நீலக் கட்டம் போட்ட லுங்கிச் சாரம் ஒன்று வாங்கிவந்து, கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தலையணையை நீளவாக்கில் வைத்து அதன் மேல் போர்த்தினார்கள். அதன் பிறகு புதிதாக வருகிறவர்கள் அவரைப் பார்த்து, "யாரு இவிய, எந்த ஊரு? காலுக்கு என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஊர் அவரைப் பழகிக்கொண்டது. கடலுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் உள்ளே எட்டிப் பார்த்து, அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்துவிட்டுப் போனார்கள். அது எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது, ஒருத்தன் செய்தான், அன்றைக்கு அவனுக்கு நல்ல மீன்பாடு கிடைத்திருக்கும், மற்றவர்களும் செய்தார்கள். மருமகளோடு சண்டை போட்ட மாமியார்கள் மத்தியானம் வந்து அவர் காதோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்கள், அடுத்த மணி நேரத்தில் அதே ஸ்டூலில் மருமகள்கள் வந்து உட்கார்ந்து இன்னொரு மாதிரி சொன்னார்கள். அவர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாரையும்விட அதிகமாக அங்கே இருந்தவன் இஞ்ஞாசி. மெற்றில்டாவின் கொழுந்தன். அண்ணன் இறந்த பிறகு அவன் வள்ளத்தில் ஏறவில்லை. வலை உலர்த்துகிற களத்தில் காவல் வேலை பார்த்தான், யாரோடும் அதிகம் பேசமாட்டான். மெற்றில்டா எத்தனையோ தரம் கூப்பிட்டும் வகுப்புக்கு மட்டும் வந்ததேயில்லை. பொம்மை பொம்மையாக இருந்த காலத்தில் அந்தக் கட்டடத்து வாசல் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போவான். மூச்சு வந்த பிறகு தினமும் மத்தியானம் வந்தான். ஈரத்துணியால் முகத்தைத் துடைப்பான், ஈ விரட்டுவான், தலையணைக் கால்களைச் சரிசெய்வான். ஒருநாள் அவன் ரேசரை எடுத்து வந்து அவர் தாடையைத் தடவிப் பார்த்து, முடி வளரவில்லை என்று தெரிந்ததும் ஏமாந்த முகத்தோடு மடக்கி வைத்துக்கொண்டதை மெற்றில்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பொம்மையை விற்ற கம்பெனியிலிருந்து சென்னைக்காரப் பையன் ஒருவன் வந்தான். சோமசேகர் என்று பேர், முதுகில் லேப்டாப், கையில் தோல் பை. தோளில் வயரைச் செருகிப் பார்த்தான், லேப்டாப்பில் ஒன்றும் வரவில்லை. "சென்சாரிலிருந்து சிக்னலே இல்லையே. போர்டு போயிருக்கும். நெஞ்சைத் திறந்து பார்த்துடறேன், அஞ்சு நிமிஷ வேலை," என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

சந்தனமேரி கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். "எய்யா, நீ டாக்டருக்குப் படிச்சிருக்கியா?"

"இல்லீங்க, எலக்ட்ரானிக்ஸ்."

"அப்போ மூச்சு விடுத ஆளு நெஞ்ச எப்படித் தொறப்ப?"

"அம்மா, இது பொம்மைம்மா. இதை நாங்கதான் செஞ்சோம்."

"என்னையக்கூட எங்க அம்மதான் செஞ்சா. அதுக்காவ அவ வந்து என்னைத் தொறந்து பாப்பாளா?"

அவன் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டான். இரண்டு விரலை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் காட்டிக்கொடுக்க, வைத்துப் பார்த்தான். வைத்த விரலை அவன் எடுக்கவேயில்லை, அவனுக்கு வாங்கி வைத்த டீ ஆறிப்போயிற்று. போகும்போது மெற்றில்டாவிடம், "மேடம், கருவி நல்லாத்தான் வேலை செய்யுதுன்னு எழுதிக் குடுத்துடறேன். வேற என்ன எழுதறதுன்னு தெரியல," என்றான்.

அப்படி எழுதிக் கொடுத்ததுதான் வினையாக முடிந்தது. மூச்சு விடுகிறவர் நெஞ்சை அமுக்கக் கூடாது. அது மெற்றில்டாவின் முதல் பாடம், அவளே போர்டில் எழுதி வைத்தது. நாடி இருக்கிற நெஞ்சில் கை வைத்தால் விலா முறியும், ஓடுகிற இதயம் தடுமாறும். ஆகவே பயிற்சி கொடுக்கப் பொம்மை இல்லை. இன்னொன்று வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். "நல்ல நிலைமையில் ஒன்று இருக்கும்போது இன்னொன்று எப்படித் தருவது?" என்று அங்கே கேட்டார்கள். இருக்கிறதுதான், ஆனால் அவருக்கு உயிர் வந்துவிட்டது என்றாள். அலுவலகத்தில் இருந்தவர் அனுதாபத்தோடு தலையசைத்து, "உயிர் வந்ததெல்லாம் தேய்மானக் கணக்கில் வராதேம்மா," என்றார்.

அவள் வாயால் வகுப்பு எடுத்துப் பார்த்தாள். கையால் செய்ய வேண்டியதை வாயால் சொன்னால் யார் உட்கார்ந்து கேட்பார்கள்? ஐந்து பேர் வந்தார்கள், பிறகு மூன்று பேர், பிறகு மழைக்கு ஒதுங்கிய ஆடு ஒன்று. பழகியவர்களுக்கும் கை மறந்துபோயிற்று.

அந்த நிலைமையில்தான் கரைவலை இழுக்கிற தொம்மை விழுந்தான். நல்ல வெயில். வலை பாதி வந்திருந்தது. கயிற்றைப் பிடித்தபடியே முன்னால் சாய்ந்தான். சுற்றி இருந்தவர்களில் ஒருத்தன் முன்பு ஒரே ஒரு வகுப்புக்கு வந்தவன், வயிற்றை அமுக்கினான். மற்றவர்கள் விசிறினார்கள். மெற்றில்டா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுடுமணலில் ஓடி வந்து சேர்ந்தபோது தொம்மையின் உதடு கறுத்திருந்தது. அவள் விடாமல் அமுக்கினாள், ஆம்புலன்ஸ் வந்து அவளை விலக்கும் வரை அமுக்கினாள். பலன் இல்லை. தொம்மையின் பெண்சாதி மணலை அள்ளி அள்ளித் தலையில் போட்டுக்கொண்டதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். சிலுவை போன அன்றைக்கு டவுனிலிருந்து வந்து அவளும் அதே இடத்தில் அதே மாதிரி மணலை அள்ளியிருக்கிறாள்.

அடக்கம் முடிந்த மத்தியானம் அவள் நேரே ஆண்கள் பகுதிக்குப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் மூச்சையா புதிதாகத் துவைத்த சாரத்தோடு, நெற்றியில் யாரோ இட்ட திருநீறும் கழுத்தில் யாரோ போட்ட அந்தோனியார் சுரூபமுமாக, ஒரு குறையுமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மெற்றில்டாவுக்கு வந்த கோபத்தை அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம்தான் உணர்ந்திருக்கிறாள், அது சிலுவையைப் பார்த்து: ஏன் விழுந்தாய் என்று. இப்போது இவரைப் பார்த்து, ஏன் எழுந்தாய் என்று. கண்ணைத் திறக்கமாட்டாய், ஒரு வார்த்தை பேசமாட்டாய், உன் ஒருவனுடைய மூச்சுக்காக இந்தக் கரையில் இன்னும் எத்தனை பேர் மூச்சு நிற்க வேண்டும்? அவள் இடது உள்ளங்கையை அவர் நெஞ்சின் நடுவில் வைத்து, அதன் மேல் வலது கையைக் கோத்து, முழங்கையை நீட்டினாள். நாலு அமுக்கு, நல்ல பாரத்தோடு நாலே நாலு அமுக்கு அமுக்கினால் போதும், அது பொம்மையாகிவிடும். நாளைக்கு வகுப்பு நடக்கும்.

உள்ளங்கைக்கு அடியில் இதயம் மெதுவாக முட்டியது, தூங்கும் பிள்ளை காலால் தொடுகிற மாதிரி.

"கைய எடுங்க மைனி."

இஞ்ஞாசி தண்ணீர்ச் சட்டியோடு வாசலில் நின்றான்.

"நீ போ. இது உனக்குச் சம்பந்தமில்லாத காரியம்."

"எடுங்க." அவன் சட்டியை வைத்துவிட்டு வந்து கட்டிலின் மறுபக்கம் நின்றான். குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு வைக்க வேண்டிய நெஞ்சுல நான் கைய வைக்கல. காலைத் தேச்சுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு வைக்கக் கூடாத நெஞ்சுல நீங்க வைக்கிறிய. ரெண்டு பேருமா சேந்து இந்த ஊர்ல ரெண்டு பேரக் கொல்லணுமா?"

"அன்னைக்கு உனக்குத் தெரியாது இஞ்ஞாசி."

"இன்னைக்கு உங்களுக்குத் தெரியும்லா?"

அவள் கையை எடுத்தாள். எடுத்த இடத்தில் ரப்பரில் அவள் விரல் பதிந்த குழி இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிச் சமமாயிற்று. அவன் துணியை நனைத்துப் பிழிந்து மூச்சையாவின் முகத்தைத் துடைத்தான், பிறகு அந்தத் துணியை அலசி அவளிடம் நீட்டினான். அவள் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்து கச்சான் காற்று ஓங்கி அடிக்கத் தொடங்கிய வாரம், சனிக்கிழமை காலையில், மூச்சையாவின் நெஞ்சு தாழ்ந்தது, உயரவில்லை. பக்கத்தில் இருந்த இஞ்ஞாசி கழுத்தில் விரல் வைத்தான். எழுந்து நின்று, ஊரே கேட்கிற குரலில், "மைனி! இவருக்கு நாடி இல்ல!" என்று கத்தினான். அவன் அந்த அளவுக்குக் கத்தி யாரும் கேட்டதில்லை.

மெற்றில்டா ஓடி வந்தாள். அவரைத் தூக்கித் தரையில் கிடத்தினாள், கட்டில் மெத்தையில் வைத்து அமுக்கினால் பாரம் இறங்காது. அமுக்க ஆரம்பித்தாள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஒரே ஆள் செய்தால் கை தளரும், ஆள் மாற்ற வேண்டும் என்பதால், "அடுத்து யாரு?" என்றாள். சந்தனமேரி அதற்குள் முந்தானையைச் செருகிக்கொண்டு மறுபக்கம் மண்டியிட்டிருந்தாள். அவளுக்கு அடுத்து வலை முடைகிற பெண்கள். அவர்களுக்கு அடுத்து காதர் மீரான். கோயில் மணி அடித்தது, யார் அடித்தார்கள் என்று தெரியாது. களத்திலிருந்து வந்தார்கள், ஏலக்கூடத்திலிருந்து வந்தார்கள், காற்றுக்குப் பயந்து கடலுக்குப் போகாமல் வீட்டில் கிடந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். கட்டடத்துக்குள் இடம் போதாமல் மூச்சையாவை ஒரு பலகையில் ஏற்றித் தூக்கி வெளியே வேப்பமரத்து அடியில் வைத்தார்கள். தூக்குகிறபோதும் ஒருத்தி அமுக்கிக்கொண்டே நடந்தாள். வரிசை கோயில் கொடிமரம் வரைக்கும் நின்றது.

வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதற்கு முன் ஒருநாளும் வகுப்புக்கு வராதவர்கள். ஆனால் முன்னால் நிற்கிறவன் செய்வதைப் பார்த்துக்கொண்டே வருகிறவனுக்கு, தன் முறை வருவதற்குள் பாதி தெரிந்துவிட்டது. மீதியை மெற்றில்டா சொன்னாள். "நெஞ்செலும்புக்கு மேல, கொஞ்சம் கீழ்ப்பாதியில. வயித்துல இல்ல. முழங்கை நேரா. அமுக்கிட்டு முழுசா மேல வரவிடுங்க. முப்பது ஆச்சா, ரெண்டு ஊது." எண்ணுகிற வேலையை ஏலக்காரர் குரூஸ் எடுத்துக்கொண்டார். மீன் ஏலம் விடுகிற அதே குரலில், இழுத்து நிறுத்தாமல், ஒண்ணே ரெண்டே மூணே நாலே என்று அவர் எண்ண, வரிசை முழுக்க வாய்க்குள் கூடவே எண்ண, ஊதுகிற இடம் வந்ததும் ஊரே ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பங்குச் சாமியார் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அமுக்கினார். டாக்டர் பிரபாவதி தன் முறைக்கு வரிசையில் நின்றே வந்தார். தொம்மையின் பெண்சாதி வெள்ளைச் சேலையோடு வந்து, யாரும் சொல்லித் தராமலே சரியான இடத்தில் கையை வைத்தாள். அணைந்துபோன தோள் விளக்கு அன்றைக்கு ஒரு தரம்கூட எரியவில்லை; எரிய வேண்டிய அவசியம் இல்லை, சரியா தப்பா என்று அவரவர் கைக்கே தெரிந்தது.

அவர் போய்விட்டார் என்று மெற்றில்டாவுக்கு வெயில் உச்சிக்கு ஏறும் முன்னாலேயே தெரியும். நர்ஸுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவள் கழுத்தில் விரல் வைத்தாள். ரப்பர் ஆறியிருந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியது அவள்தான், டாக்டரே அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலை நிமிர்ந்து வரிசையைப் பார்த்தாள். இன்னும் கொடிமரம் தாண்டி நின்றது. "அடுத்து யாரு?" என்றாள். அது பாவமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருடைய உடம்பை அவரைக் கேட்காமல் அவள் எடுத்துக்கொண்டாள், அவ்வளவு தூரம் அவளுக்குத் தெரிந்தது. அதற்காக ஒவ்வொரு தரமும் விரலை எடுக்கும் முன் அவர் கழுத்தை லேசாகத் தடவிக் கொடுத்தாள்.

வெயில் தாழ்ந்து வரிசை தீர்ந்தது. கடைசியில் இஞ்ஞாசி நின்றான். முதலில் கண்டவன் அவன், ஆனால் எல்லாருக்கும் வழிவிட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றிருக்கிறான். மண்டியிட்டான். இரண்டு கையையும் காற்றில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"எங்க வைக்கணும் மைனி?"

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இடத்தில் வைத்தாள். அவன் அமுக்கினான். குரூஸின் குரல் கம்மிப் போயிருந்ததால் அவள் எண்ணினாள். அவன் தோளில் நல்ல பலம் இருந்தது, வேகம் பிசகவில்லை. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மாற்றுவதற்கு ஆள் இல்லை. அவன் நிறுத்தாமல் செய்தான், வியர்வை மூக்கு நுனியிலிருந்து மூச்சையாவின் நெஞ்சில் சொட்டியது, அவளும் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் அவள் அவன் கைகளின் மேல் தன் கையை வைத்தாள். "போதும் இஞ்ஞாசி."

"இன்னும் கொஞ்ச நேரம்."

"சரியாத்தான் செஞ்ச. எல்லாம் சரியாத்தான் செஞ்ச. போதும்."

அவன் கையை எடுத்தான். டாக்டர் பிரபாவதி இறந்த நேரத்தைச் சொன்னார். ஊர் சிலுவை போட்டுக்கொண்டது, காதர் மீரான் கையேந்தி முணுமுணுத்தார். எந்தக் கல்லறையில் வைப்பது என்ற பேச்சு வந்தபோது அதிகம் வாதிடவில்லை. கடல் ஒதுக்கிய பேர் தெரியாதவர்களை அந்த ஊரில் எப்போதும் புன்னை மரங்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில்தான் வைப்பார்கள், அங்கேயே வைத்தார்கள். நீலக் கட்டம் போட்ட சாரமும் இரண்டு தலையணையும் கூடப் போயின. தலையணை எதற்கு என்று ஒருத்தன் கேட்டான், கால் இல்லாமல் எப்படிப் போவார் என்று பெண்கள் கேட்டார்கள்.

மாவட்ட அலுவலகம் பொம்மை எங்கே என்று கேட்டு ஆள் அனுப்பியது. வந்தவரை மேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், ஏலக்கூடத்தில் ஐஸ் இறக்க வந்த லாரி டிரைவர் விழுந்தான். வெளியூர்க்காரன், தடித்த ஆள், டீயைக் கையில் வாங்கி வாயில் வைக்கும் முன் கிளாஸோடு சரிந்தான். சேதி காதில் விழுந்ததும் மெற்றில்டா பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஏலக்கூடத்து வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. "வழி விடுங்க, நான் நர்ஸ்!" என்று கத்தினாள். யாரும் திரும்பவில்லை. அவள் தள்ளிப் பார்த்தாள், வலை இழுக்கிற முதுகுகள், நகரவில்லை. எட்டிப் பார்க்க உயரம் போதவில்லை.

அப்போதுதான் சத்தம் அவள் காதில் விழுந்தது. குரூஸ் எண்ணிக்கொண்டிருந்தார், கூட நாற்பது ஐம்பது குரல்கள் எண்ணின. முப்பது வந்ததும் கூட்டம் மொத்தமாக அடங்கியது, இரண்டு தரம் ஊதுகிற அளவுக்கு, மறுபடி ஒண்ணே ரெண்டே என்று தொடங்கியது. "மாறு, மாறு, அடுத்து யாரு?" என்று சந்தனமேரி அதட்டினாள். "முழங்கைய மடக்காத," என்று இன்னொரு குரல் சொன்னது, அது இஞ்ஞாசியின் குரல். மெற்றில்டா மனசுக்குள் வேகத்தைக் கணக்குப் பார்த்தாள். சரியாக இருந்தது. அவள் தள்ளுவதை விட்டுவிட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த மீன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸுக்கு மட்டும் கூட்டம் வழி விட்டது. ஷாக் கொடுக்கிற பெட்டியோடு இறங்கிய பையன், அது வரைக்கும் ஒரு கை மாறி ஒரு கை அமுக்கிக்கொண்டிருந்தவர்களை விலகச் சொல்லி ஒரு தரம் கொடுத்தான். டிரைவர் உடம்பு தூக்கிப் போட்டது. பிறகு இருமினான். பிறகு கண்ணைத் திறந்து, தன் மேல் குனிந்திருந்த அத்தனை முகங்களையும் வரிசையாகப் பார்த்து, "ஐஸ் உருகிடப் போவுது," என்றான்.

அதற்குள் அங்கே சண்டை ஆரம்பித்துவிட்டது. தன் முறையில்தான் அவன் விரல் அசைந்தது என்று சந்தனமேரி சொன்னாள், இல்லை, தான் ஊதியபோதுதான் முகத்தின் வெளுப்பு மாறியது என்று பங்குச் சாமியார் சொன்னார், இரண்டு பேர் ஐஸ் இறக்கப் போனார்கள், யாரோ டிரைவருக்கு இன்னொரு டீ சொன்னார்கள், இப்போது குடிக்கக் கூடாது என்று தொம்மையின் பெண்சாதி அதைத் தடுத்தாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுதான் மெற்றில்டாவுக்கு இடம் கிடைத்தது. பக்கத்தில் போய் அவன் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். சட்டைப் பொத்தான் அறுந்த இடத்தில் நெஞ்சு சிவந்து கிடந்தது, எத்தனையோ பேர் உள்ளங்கை பட்ட சிவப்பு.

"எப்படிம்மா இருக்கு?" என்று டிரைவர் கேட்டான்.

"இருக்கு," என்றாள் மெற்றில்டா. வண்டிக் கதவைச் சாத்தலாமா என்று பையன் கேட்டான், இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, விரலை எடுக்காமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.